மஞ்சள் பூசிய கல்

சிறுவாச்சூர் சத்திரத்தைப் பெருக்கிக் காவல் காக்கும் சின்னம்மாள் அன்று விடிந்ததிலிருந்தே வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பத்து மணிக்குப் பெரம்பலூரிலிருந்து தொல்லியல் ஆபீசர் வருகிறார். பழமையான கட்டடம்தான் என்று அவர் எழுதிவிட்டால் சத்திரம் பிழைக்கும். இல்லையென்றால் இடித்துவிட்டு லாட்ஜ் கட்டச் சத்திரக் கமிட்டிக்காரர்கள் தயாராக நிற்கிறார்கள். அப்புறம் சின்னம்மாளும் அவள் புருஷன் அங்கமுத்துவும் பின்கட்டு அறையை விட்டு எங்கே போவது?

பழமைக்கு இருந்த ஒரே சாட்சி, கூடத்துச் சுவரில் பதித்திருந்த கல். கட்டியவர் பேரும் ஆண்டும் அதில் வெட்டியிருந்தது. முந்தின நாள் ஆபீசருக்குக் காப்பி கொடுக்க நல்ல டம்ளராக வாங்கப் பஸ் ஏறிய சின்னம்மாள், "வரவங்க கண்ணுக்குக் கூடம் பளிச்சுனு இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கமுத்து சொன்னதைச் செய்கிற மனுஷன். சுவரைக் கழுவக்கூட இல்லை. மஞ்சள் எனாமலை எடுத்துச் சுவரோடு சுவராகக் கல்லையும் பூசிவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இதில் ஒரு கூத்து வேறு. கோயிலுக்கு வருகிற சனம் அந்தக் கல்லில்தான் எண்ணெய்த் தலையைச் சாய்த்து உட்காரும். பன்னிரண்டு வருஷமாக அதற்குச் சண்டை போட்டு அலுத்துப்போய், 'சுவரில் தலை சாய்க்காதீர்' என்று சின்னம்மாள் பக்கத்திலேயே கரியால் எழுதியிருந்தாள். பெண்டாட்டிக்குப் பயந்து அங்கமுத்து அதை மட்டும் பூசாமல் விட்டிருந்தான்.

"கொத்துக்கரண்டியால சொரண்டிடட்டுமா?"

"கிட்டப் போவாதீங்க. எழுத்தும் சேந்து போயிரும்."

"நீதான புள்ள பளிச்சுனு இருக்கணும்ன."

அதுதான் அவளைக் குத்தியது. சொன்னவள் அவள்தானே.

ஆபீசர் ஆர்த்தி சின்ன வயசுக்காரர். வந்ததும் சுவரைத்தான் பார்த்தார். "கல்வெட்டு எங்கம்மா?"

யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சின்னம்மாள் அதை விழுங்கினாள்.

"இதுக்குள்ளதாங்க மேடம் இருக்கு. நீங்க வரீங்கன்னு நாங்கதான் பெயிண்ட் அடிச்சிட்டோம்."

ஆர்த்தி கிட்டே போனார். கல்லின் ஓரத்தை நகத்தால் நெருடினார். பெயிண்ட் லேசாகத் தூக்கியது. பிடித்து இழுக்க, ஆறிய பாலின் ஏடு மாதிரி மொத்தமாக உரிந்து கையோடு வந்தது. எண்ணெயில் கறுத்த எழுத்துக்கள் ஒன்றுகூடச் சிதையாமல் நின்றன.

"கல்லுல என்ன தடவியிருந்தீங்க? பெயிண்ட் ஒட்டவே இல்லையே."

அங்கமுத்து சொன்னான்: "தலை எண்ணெங்க மேடம். வர்ற சனமெல்லாம் சாஞ்சு சாஞ்சு ஏறுனது."

ஆர்த்தி ஆண்டைப் படித்துக் குறித்துக்கொண்டு போட்டோ எடுத்தார். "இது போதும்மா. நான் எழுதிடறேன்."

வண்டி கிளம்பிப் போனது. சின்னம்மாள் முந்தானையால் தன் கரி எழுத்தை அழுத்தித் துடைத்தாள். கல்லடியில் அப்படியே உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள்.

"எண்ணெ ஒட்டப்போவுது புள்ள."

"ஒட்டட்டுங்க" என்றாள்.