விசேஷத்துக்குப் போன ஷூ

அந்தக் கறுப்பு ஷூ ஒரே ஜோடிதான். கால்கள் மூன்று ஜோடி.

பொது நூலகத்தின் கடைசி மேஜையில் தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்காரும் மூன்று பேருக்கும் அது பொது. மூவருக்கும் ஐம்பத்தைந்தைத் தொட்ட வயது, மூவருக்கும் வேலை போய் ஒரு வருடத்துக்கு மேல். ஒருவர் இருபத்தேழு வருடம் டயர் கிடங்கில் பொறுப்பாளராக இருந்தவர். இன்னொருவர் மருந்துக் கிடங்கில் அதே வேலை பார்த்தவர். மூன்றாமவர் லிஃப்ட் மெக்கானிக். ஆகவே ஒருவரை ஒருவர் டயர், மாத்திரை, லிஃப்ட் என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். "லிஃப்ட் இன்னைக்கு வரல, எந்த மாடியில மாட்டிக்கிச்சோ" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். சத்தம் போட்டால் நூலகர் அம்மா கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்.

ஷூ, லிஃப்டின் மாப்பிள்ளை வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனது. நேர்காணலுக்கு யார் போகிறாரோ அவர் போட்டுக்கொள்ளலாம். லிஃப்டுக்கு அது கடிக்கும். உட்கார்ந்திருக்கலாம், நடக்க முடியாது. மாத்திரைக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தும். டயருக்கு ஒரு அளவு பெரிசு. நுனியில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தால்தான் நிற்கும். இடது பக்கத்துக் கயிறு கறுப்பு, வலது பக்கத்துக் கயிறு பழுப்பு. பாலிஷ் போடுவதில் கெட்டிக்காரர் என்பதால் மாத்திரை வீட்டில்தான் அது குடியிருந்தது.

மேஜைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை விளம்பரப் பக்கத்தை வாரத்துக்கு ஒருவர் மெல்லிய குரலில் வாசிக்க வேண்டும். ஒரு வரி விடக்கூடாது. யாருக்குப் பொருந்துகிறதோ அவர் கை தூக்குவார். இரண்டு பேருக்குப் பொருந்தினால் இரண்டு பேரும் போகலாம். ஒருவருக்கொருவர் ஒளிவு மறைவு கிடையாது என்பதுதான் அந்த மேஜையின் கௌரவமே.

அந்த வாரம் வாசிக்கும் முறை டயருடையது.

செவ்வாய்க்கிழமை, பக்கத்தின் மூன்றாவது பத்தியில் அவர் கண் நின்றது. ஒரு பெயிண்ட் கம்பெனிக் கிடங்குக்குப் பொறுப்பாளர் தேவை. ஒரே ஒரு இடம். அனுபவம் அவசியம். அடுத்த மூன்று சொற்களை இரண்டு தடவை படித்தார்: "வயது ஒரு தடையல்ல."

இருபத்திரண்டு மாதங்களில் அவர் பார்த்த விளம்பரங்கள் ஆயிரத்துக்குக் குறையாது. எல்லாவற்றிலும் முப்பதுக்குள், முப்பத்தைந்துக்குள் என்றே இருக்கும். இப்படி ஒன்றை இப்போதுதான் பார்க்கிறார். எதிரே மாத்திரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே தொழில். இருப்பதோ ஒரே இடம்.

டயர் ஒருமுறை இருமினார். அப்படியே நான்காவது பத்திக்குத் தாவி, "தையல் கூடத்துக்கு மேற்பார்வையாளர் தேவை, பெண்கள் மட்டும்" என்று வாசித்தார்.

"நமக்கு மீசை இருக்கே" என்றார் லிஃப்ட்.

மாத்திரை சிரித்தார். டயருக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்தவர் காய் நறுக்கினார், துணி மடித்தார், குக்கர் வைத்தார். மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்ததால் வீட்டு வேலைகள் இப்போது அவர் பொறுப்பு. கிடங்கில் டயர் அடுக்கிய ஒழுங்கோடு அலமாரியில் டப்பாக்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். முதல் ஆறு மாதம் வெட்கமாக இருந்தது. பிறகு ஒரு நாள் மனைவி சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவு வருஷமா இந்தக் கைய எங்கங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அன்றோடு வெட்கம் போயிற்று. காலையில் வீட்டை விட்டு இறங்கும்போது அவர் செய்யும் பிரார்த்தனைகூட மாறிவிட்டது. "வேலை குடு சாமி" என்று தொடங்கியது, "இன்னைக்கு யாராவது ஒருத்தருக்காவது உபயோகமா இருக்க வை" என்றாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அவர் ஒன்றும் துயரப்பட்டு வாழவில்லை. ஆனால் அந்த மூன்று சொற்கள் அவரை ஆட்டிவிட்டன.

நேர்காணல் வியாழக்கிழமை, பத்திலிருந்து மூன்று மணி வரை. ஷூ வேண்டும். ஷூவோ மாத்திரை வீட்டில்.

புதன்கிழமை சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினார்.

"வாய்யா டயர். என்ன, காத்து இறங்கின மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு ஒரு விசேஷம். ஷூ வேணும்."

"யார் வீட்டு விசேஷம்?"

"தூரத்துச் சொந்தம்."

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு பஸ் மாறணும்."

மாத்திரை ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போனார். பிரஷ் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஷூவைக் கொண்டுவந்தபோது அதில் முகம் பார்க்கலாம்.

"உன் காலுக்கு வேண்டிய பேப்பர நானே அடைச்சுட்டேன்" என்றார். "அங்க போயி கூச்சப்பட்டு ஓரமா நிக்காத. நிமிர்ந்து உக்காரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

விசேஷத்துக்குப் போகிறவனுக்கு எதற்கு இந்தப் புத்திமதி என்று டயருக்கு அப்போது தோன்றவில்லை. பொய் சொன்ன அவசரத்தில் நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டார்.

வியாழக்கிழமை பத்தரைக்குப் பெயிண்ட் கம்பெனியின் வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயிண்ட் வாடை தொண்டைவரை இறங்கியது. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவருக்கு ஆறாம் எண். நாலாம் எண் உள்ளே போயிருந்தது. வலது கால் பெருவிரலில் ஏதோ முடிச்சுப் போல் அழுத்திக்கொண்டே இருந்தது. பேப்பரைச் சரியாக மடிக்கவில்லை போலும். குனிந்து ஷூவைக் கழற்றி, உருண்டையை எடுத்துப் பிரித்தார்.

செவ்வாய்க்கிழமை நாளிதழின் விளம்பரப் பக்கம். மாத்திரைக்கு மாடி வீட்டுக்காரர் தினமும் படித்துவிட்டுக் கொடுப்பது.

மூன்றாவது பத்தியில், அந்தப் பெயிண்ட் கம்பெனி விளம்பரத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். ஓரத்தில் மாத்திரையின் குண்டு எழுத்து: "வியாழன். 9 மணி பஸ். சட்டை இஸ்திரி. ஷூ பாலிஷ்." அந்த நான்கையும் சேர்த்து ஒரே கோடாக அடித்திருந்தது.

டயர் அந்தக் காகிதத்தைத் தொடைமேல் வைத்து நீவினார். நீவ நீவ விஷயம் விளங்கியது. தான் படிக்காமல் விட்டதை அவன் அன்று சாயங்காலமே பார்த்துவிட்டான். போகத் தயாராகியும் விட்டான். தான் வாசலில் போய் நின்று பொய் சொன்னதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல், போகவிருந்த பயணத்தை ஒரு கோட்டில் அடித்துவிட்டு, அந்தக் காகிதத்தையே சுருட்டித் தன் காலுக்கு அணை கொடுத்துவிட்டான். கேட்டிருந்தால், ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பாலிஷ் அல்லவா போட்டுக் கொடுத்தான்!

"கடவுளே" என்று முணுமுணுத்தார். "யாருக்காவது உபயோகமா இருக்க வைன்னு நான் கேட்டா, அந்தப் பாக்கியத்த நீ அவனுக்குக் குடுத்துட்டியே."

நாலாம் எண் வெளியே வந்தது. டயர் எழுந்து, ஒற்றை ஷூவோடு நொண்டி நொண்டி வெளியே போய்ப் போன் செய்தார்.

"எங்க இருக்க?"

"வேற எங்க, மேஜையிலதான்" என்றார் மாத்திரை கிசுகிசுத்த குரலில். "அம்மா பாக்கறாங்க, சீக்கிரம் சொல்லு."

"சான்றிதழ எல்லாம் எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி வா."

"எங்க?"

"உனக்கா தெரியாது?"

அந்தப் பக்கம் மாத்திரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் கேட்டது. பிறகு, "விசேஷம் என்னய்யா ஆச்சு?"

"பொண்ணு ஒண்ணு, மாப்பிள்ளை ரெண்டு. நீயும் வந்து நில்லு. அவளுக்கு யாரப் பிடிக்குதோ பிடிக்கட்டும்." இன்னும் சத்தமாகச் சொன்னார்: "மன்னிச்சுக்கய்யா. மூணாவது பத்திய நான் முழுங்கிட்டேன்."

"முழுங்கினது மாத்திரையத்தானே, ஜீரணமாயிடும்" என்றார் மாத்திரை. "வை, பஸ் போயிடும்."

உள்ளே நேர்காணல் நடத்தியவர் மேலாளரம்மா. டயரின் மகள் வயதுதான் இருக்கும். டயர் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னார். அடுக்கும் முறை, தீ விபத்துப் பாதுகாப்பு, லாரியிலிருந்து இறக்கும் ஆட்களோடு சண்டை வராமல் வேலை வாங்குவது எல்லாம் சொன்னார். அந்தம்மா திருப்தியாகத் தலையாட்டினார்.

"எங்க பெயிண்ட், பசை எல்லாத்துக்கும் காலாவதித் தேதி உண்டு சார். பழசு முதல்ல போகணும். அதுல உங்களுக்குப் பழக்கம் எப்படி?"

தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓரளவு தெரியவும் தெரியும். நாக்கு நுனிவரை வந்ததை நிறுத்திக்கொண்டார்.

"சுமாராத் தெரியும்மா, கத்துக்குவேன். ஆனா எனக்குப் பின்னால ஒருத்தர் வருவார். மருந்துக் கிடங்குல இருந்தவர். தேதி பாக்கறது அவருக்குத் தண்ணி பட்ட பாடு."

"அவரு உங்க சொந்தமா?"

"ஆமாம்மா" என்றார். இந்த முறை அது பொய்யாகத் தோன்றவில்லை.

மாத்திரை வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களும் வாளிகளும் வைத்திருந்த மூலையில் இருவரும் கால்களை மாற்றிக்கொண்டார்கள். மாத்திரை ஷூவில் ஏறினார்; டயர் மாத்திரையின் ரப்பர் செருப்புக்குள் இறங்கினார். காவலாளி எட்டிப் பார்த்து, "பெரியவங்களா, இங்க என்ன பண்றீங்க?" என்றார். "வண்டி மாத்தறோம் தம்பி" என்றார் டயர்.

அரை மணி நேரம் கழித்து மாத்திரை விசித்திரமான முகத்தோடு வெளியே வந்தார்.

"என்னய்யா கேட்டாங்க?"

"முதல் கேள்வியே, 'இந்தக் கறுப்புக் கயிறும் பழுப்புக் கயிறும் காலையில வேற ஒருத்தர் கால்ல உள்ள வந்துச்சே'ன்னாங்க."

"அய்யோ! நீ என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம்தான் தேதியப் பத்திக் கேட்டாங்க."

சனிக்கிழமை மாத்திரைக்குக் கடிதம் வந்தது.

டயருக்கு வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் சமையலறை ஜன்னலருகே நின்றார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவளிடம் முழுதையும் சொன்னார், மூன்றாவது பத்தியையும் மறைக்காமல்.

"அப்ப வேலையும் போச்சு" என்றாள் அவள்.

"போச்சு."

"சிநேகிதர் இருக்காரு."

"இருக்கான்."

"எனக்கு மத்தியானச் சாப்பாடும் இருக்கு. வியாழக்கிழமை நீங்க ஷூ போட்டுக் கிளம்பினதுலேர்ந்தே, வேலைக்குப் போயிடுவீங்களோன்னு எனக்குப் பகீர்னு இருந்துச்சு தெரியுமா?"

அவர் சிரித்துவிட்டார். ஆறிய டீயையும் குடித்துவிட்டார். அன்றைக்கு இரவு படுத்தவுடன் தூங்கினார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் நல்ல தூக்கம்.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மாத்திரை டயர் வீட்டுக்கு ஒரு பையோடு வந்தார். உள்ளே ஷூ. இரண்டு பக்கமும் கறுப்புக் கயிறு. உள்ளே புதிதாக ஒரு தோல் மெத்தை, நுனியில் பஞ்சு வைத்துத் தைத்த திண்டு. செருப்புத் தைக்கிறவரிடம் பக்கத்திலேயே நின்று செய்துவாங்கியதாம்.

"என் கால் அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு என் செருப்புல நின்னியே, குதிகாலுக்குப் பின்னால எவ்வளவு இடம் மிச்சம் இருந்துச்சுன்னு பாத்து வெச்சேன்."

"அப்ப உனக்கு?"

"கம்பெனியில பூட்ஸ் குடுத்துட்டாங்கய்யா. இரும்பு வெச்ச பூட்ஸ். டப்பா காலு மேல விழுந்தா டப்பாதான் நசுங்கும்." சொல்லிவிட்டு டயரின் மனைவி பக்கம் திரும்பினார். "அம்மா, இனிமே இவன் காலுக்குப் பேப்பர் வேண்டாம். பேப்பரப் படிச்சா போதும்."

டயர் ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார். கால் ஆடவில்லை. "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி. "பொண்ணுதான் இன்னும் அமையல" என்றார் அவர்.

மறுநாள் காலை வழக்கமான பிரார்த்தனையை முடித்து, ஒன்பதுக்குக் கடைசி மேஜைக்குப் போனார். லிஃப்ட் மட்டும் இருந்தார். அந்த வாரம் வாசிக்கும் முறை லிஃப்டுடையது. ஆனாலும் பக்கத்தை டயர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதல் பத்தி முதல் வரியிலிருந்து தொடங்கினார். ஓட்டுநர் தேவை, வயது முப்பதுக்குள். கணினி தெரிந்தவர் தேவை, வயது இருபத்தெட்டுக்குள். அழகு நிலையத்துக்குப் பெண்கள் தேவை.

"யோவ், அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார் லிஃப்ட். "தாண்டிப் போயேன்."

"இருக்கட்டும்யா" என்றார் டயர். "வரிசையாவே படிக்கிறேன்."