பத்தொன்பது நாள் ஒலிபரப்பு

எங்க வானொலி நிலையத்தோட வரலாறுன்னு முதலாளி ஒரு புத்தகம் போட்டிருக்கார். வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் அவர் மூஞ்சி. "காலமாற்றத்தால் விடைபெற்றோம்"னு கடைசிப் பக்கத்துல பூசி மெழுகியிருக்கார். காலமாவது மாற்றமாவது! செத்துப்போய்ப் பத்தொன்பது நாள் யாருக்கும் தெரியாம கிடந்தோம், அதுதான் வரலாறு. அங்க டிரான்ஸ்மிட்டர் டெக்னீஷியனா இருந்த நான் சொல்றேன்.

டிரான்ஸ்மிட்டர் ஊருக்கு வெளிய ஒரு கொட்டகைல இருந்துச்சு. ஒருநாள் அது சத்தமில்லாம கருகிப்போச்சு. ஆனா ஆபீஸ் ஸ்பீக்கருக்கு ஸ்டுடியோ மைக்லருந்தே நேரா ஒயர். அதனால உள்ள இருக்கறவங்களுக்கு எல்லாம் கணீர்னு கேட்டுச்சு. எங்க அக்கா தினமும் செய்தி வாசிச்சா, முதலாளி பூம்பூம்னு தலையாட்டினார். ஊர்ல ஒரு ஜீவன் போன் பண்ணல. கடைசில மெத்தைக் கடைக்காரர் தன் ரேடியோவைக் கக்கத்துல இடுக்கிட்டு வந்தார். "என் விளம்பரம் எங்கய்யா? பத்தொன்பது நாளா வெறும் இரைச்சல்தான் வருது!"

முதலாளி ரிப்பேர் பண்ணச் சொல்லுவார்னு பாத்தா, "எவனும் கேக்கல, அப்புறம் கரண்ட் எதுக்கு?"ன்னு இழுத்து மூடிட்டார். மகா மேதை.

அக்கா அழல. "ஊர் கேக்கலன்னா போகட்டும்டா. உங்க அத்தான் ஒருத்தர் கேட்டாரே, எனக்கு அது போதும்"னா. அவ வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள அத்தான், "இன்னைக்கு அமர்க்களம்"பார். பதினாலு வருஷம் அவ அந்தப் பிச்சைச் சம்பளத்துக்குத் தொண்டை வத்தக் கத்தினது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அந்தப் பத்தொன்பது நாளும் மனுஷன் விடாம சொல்லியிருக்கார்!

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நேரா வீட்டுக்குப் போய் அக்கா முன்னாடியே கேட்டேன். "பத்தொன்பது நாளா வெளிய ஒண்ணுமே போகல. நீங்க எதைக் கேட்டு அமர்க்களம்னீங்க, அத்தான்?"

அத்தான் திருதிருன்னு முழிச்சார். சட்டைப் பொத்தானைத் திருகினார். அக்கா முகம் செத்துப்போச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"அவர் கேக்கல, சரி. தினமும் கொட்டகைக்குப் போய் மீட்டர் பாத்து நோட்டுல எழுதறது உன் வேலைதானே? பத்தொன்பது நாளும் எழுதியிருக்கே. எதைப் பாத்துடா எழுதினே?"

முந்தின நாள் எழுதினதைப் பாத்துத்தான். அதை எப்படிச் சொல்ல?

"அவராவது எனக்காகப் பொய் சொன்னார்"னா அக்கா. "நீ யாருக்காகடா?"