புள்ளி குரோட்டன்ஸ்

எட்டு வருஷமாக மில்லில் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் நேரே செம்பூர் போய், கணேசபாண்டியன் அண்ணாச்சி பங்களாவில் தோட்ட வேலை பார்த்துவிட்டு, மத்தியானம் தாராவிக்குத் திரும்பிப் படுப்பேன். எங்கள் மில் கேன்டீனுக்கு அரிசி போடுகிறவர் அவர். அவர் சொன்னால் மேனேஜர் கேட்பார்.

"பூக்கண்காட்சியில நம்ம குரோட்டன்ஸ் ஜெயிக்கட்டும். உன்னைப் பகல் ஷிப்டுக்கு மாத்திவிடுதேன்" என்றிருந்தார்.

கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது பார்த்தால், தண்டிலும் இலையிலும் பழுப்பாகத் துவரம்பருப்புத் தொலி ஒட்டியதுபோல இருந்தது. செதில் பூச்சி. ஊரில், புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் இதைக் கூலிக்குத் தேய்த்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாருமாக உட்கார்ந்தேன்.

"என்னல செய்யுத?"

"பூச்சி அண்ணாச்சி. தேய்ச்சு எடுக்கணும்."

"பூச்சின்னா நகராதால? காலையில இருந்து பாக்கேன், இருந்த இடத்துலயே இருக்கு. இது புள்ளி. நம்ம செடிக்கு மட்டும் வந்திருக்கு."

"எறும்பு ஏறுது பாருங்க. இது விடுத சீனித் தண்ணிக்குத்தான்..."

"எறும்பு மொய்க்காத வெல்லத்தை எவம்ல வாங்குவான்? கைய எடு."

எடுத்தேன்.

கண்காட்சி நடுவர் மாட்டுங்காக்காரர், ரிட்டயர்டு ஆபீசர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "நாப்பது வருஷமா குரோட்டன்ஸ் வளர்க்கறேன். இப்படி ஒரு புள்ளி பார்த்ததில்லை. என்னப்பா இது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பகல் ஷிப்டை நினைத்தேன்.

"ரகமே அப்படி சார்."

வெள்ளிக் கப் கிடைத்தது. செம்பூரில் நட்டு வளர்க்க ஆளுக்கொரு கொப்பு கேட்டு, ஒடித்து வாங்கிப் போனார்கள். நடுவர் ரெண்டு.

அண்ணாச்சி வாக்குத் தவறவில்லை. தோட்டத்துக்குப் பூதத்தான் என்று ஒருவனை வைத்துக்கொண்டார். நான் ராத்திரியில் தூங்க ஆரம்பித்தேன். "இம்புட்டுக் குறட்டை விடுவீயளா?" என்றாள் என் பெண்டாட்டி முருகம்மாள். பகலில் நான் தூங்கும்போது அவள் வேலைக்குப் போயிருப்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம்.

மூன்றாம் மாதம் அண்ணாச்சி ஆளனுப்பினார். போய்ப் பார்த்தால், எலுமிச்சை, கொய்யா, செம்பருத்தி எல்லாவற்றிலும் புள்ளி. இலைகளில் அடுப்புக்கரி அப்பினதுபோல் கறுப்பு.

"கொப்பு வாங்குனவன் பூராவும் தன் தோட்டமும் போச்சுன்னு வாசல்ல வந்து நிக்கான். பூதத்தான் தண்ணி ஊத்தத்தான் லாயக்கு. தினம் காலையில நீ வந்து தேய்ச்சிரு."

"காலையில மில்லுல இருப்பேனே, அண்ணாச்சி."

"அந்தக் கவலை உனக்கு எதுக்கு? மேனேஜர்ட்டச் சொல்லியாச்சு. திங்கக்கிழமையில இருந்து உனக்கு நைட் ஷிப்ட்."

தேங்காய் நாரை என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல நடுவர் வீட்டுக்குப் போ. அங்க ரெண்டு கொப்பு."