கோரி பக்கம் வராத பந்து

கிறிஸ்துமஸுக்குப் பிறகு என் மகனை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் கம்பிவேலிக்கு இந்தப் பக்கமிருந்து. ஜேகோரிக்குப் பதினாறு வயது. எங்களுக்கு அவன் கோரி. அவன் அப்பன் எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்து மேற்கு டெக்சாஸுக்குப் போனபோது அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நான் லூசியானாவில், லேக் சார்ல்ஸ் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கிடக்கிறேன். நடுவில் ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டுகிற தூரம். அந்த ஆளைத் திட்ட ஆரம்பித்தால் கதை நகராது, விடுங்கள்.

ஜூனில் கோரியின் அணி ஹூஸ்டன் பக்கம் ஆட வருகிறது என்று தெரிந்ததுமே இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமைக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் ஞாயிறும் ஆட்டம் உண்டு, ராத்திரி அங்கேயே தங்குவார்கள். தோற்றால் அப்படியே வேனில் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். கோச்சிடம் போனில் கெஞ்சிக் கூத்தாடி, ஜெயித்தால் அன்று ராத்திரி கோரியை என்னோடு அனுப்பச் சம்மதம் வாங்கிவிட்டேன். மோட்டலில் இரண்டு கட்டில் உள்ள அறை. எங்கள் ஊர் இறால் குழம்பு, கம்போ, ஒரு சட்டி நிறையக் காய்ச்சி எடுத்துவந்து அங்கிருந்த குட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் மைதானத்துக்கே போனேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அதையே தலையில் சுமந்துகொண்டு ஆடுவான். பெற்றவளுக்குத் தெரியாதா?

அமெரிக்கன் ஃபுட்பால்தான், ஆனால் கோடைக்கால ஆட்டத்தில் ஹெல்மெட் கிடையாது, முட்டி மோதிச் சாய்ப்பது கிடையாது. பக்கத்துக்கு ஏழு பேர். பந்தை எறிய வேண்டும், பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பிடித்தவனைக் கையால் தொட்டாலே போதும், அந்த எறி முடிந்தது. எறிகிறவனுக்கு நாலே நொடிதான் அவகாசம். அந்த நாலு நொடியும் எதிரணிக்காரனோடு ஒட்டிக்கொண்டு ஓடி, பந்து அவன் கைக்குப் போகாமல் தடுப்பது, முடிந்தால் பறிப்பது, இதுதான் என் மகன் வேலை. கார்னர் என்பார்கள்.

காலையிலிருந்து மூன்று ஆட்டம் முடிந்துவிட்டது. அவன் பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் லாட்ரீஸ், கோரியின் ஊர்க்காரி. அவள் மகன்தான் எங்கள் அணியில் பந்து எறிகிறவன். காகிதத் தட்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது, என் புள்ளைய யாருமே சேத்துக்க மாட்டேங்குறாங்க?” என்று கேட்டேன்.

“அடி பைத்தியக்காரி, அதுதாண்டி பெருமை! அவன் பக்கம் எறிஞ்சா பறிச்சுடுவான்னு ஊருக்கே தெரியும். எதிரணில எறியறவன் அவனை ஒரு பார்வை பாப்பான், உடனே மூஞ்சியத் திருப்பிக்குவான். நல்லாப் பாரு.”

பார்த்தேன். அப்படித்தான் திருப்பினான்.

“உன் புள்ளைக்குப் பாதி நாள் சோறு எங்க வீட்டுலதான். ஞாயித்துக்கிழமை பிஸ்கட் சுட்டா, அடுப்புலேருந்து எடுக்கறதுக்குள்ள ஆறு காணாமப் போயிடும்” என்று அவள் சிரித்தாள்.

நானும் சிரித்துவைத்தேன். என் பிள்ளை எத்தனை பிஸ்கட் சாப்பிடுவான் என்று எனக்கு இன்னொருத்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசி ஆட்டத்தின் இடைவேளையில் கோரி வேலியோரம் வந்தான். என்னைவிட ஒரு தலை உயரம். குரல் அவன் அப்பன் குரலாகவே ஆகிவிட்டிருந்தது.

“வெயில்ல உக்காந்திருக்கியேம்மா. போரடிக்குதா?”

“போடா. நல்லா ஆடுற கண்ணு.”

லாட்ரீஸுக்கு வாய் சும்மா இருக்குமா? “என்னத்த ஆடுறான்? டேய் கோரி, உங்கம்மா லூசியானாலேருந்து வந்திருக்கா. நீ சும்மா பின்னாலயே ஓடறதப் பாக்கவா? ஒரு பந்தாவது புடிச்சுக் காட்டுடா!”

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. என் முகத்தையே ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். கையிலிருந்த ஐஸ் தண்ணீரை அப்படியே அவள் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது எனக்கு.

முடிவில் நாங்கள் நாலு புள்ளி முன்னே இருந்தோம். எதிரணிக்குக் கடைசியாக ஓர் எறி பாக்கி. அதைத் தடுத்துவிட்டால் பிள்ளை எனக்கு. நாளைக் காலையில் அவன் தூங்கி எழுவதைப் பார்க்கலாம். கர்த்தரே, இந்த ஒன்றே ஒன்று என்று வாய்விட்டே கேட்டேன்.

அந்தக் கடைசி எறி தொடங்கியது. பகல் முழுக்கச் சட்டைபோல் ஒட்டிக்கொண்டு ஓடியவன், அப்போது இரண்டடி விட்டுக்கொடுத்தான். அதோடு விட்டானா? தன் ஆளை மறந்துபோனவன் மாதிரி முகத்தை நடுமைதானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“கோரி! விடாதடா! ஒட்டு!” என்று கோச் அலறினார்.

எறிகிறவன் பார்த்துவிட்டான். எறிந்தும்விட்டான். அன்று முழுவதும் வராத பந்து என் பிள்ளையை நோக்கி வந்துகொண்டிருந்தது. எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. “வருதுடா! கோரி, உனக்குத்தான் வருது!” என்று கத்தினேன். அவன் திரும்பினான், எகிறினான், கையை நீட்டினான். பந்து அவன் விரலில் பட்டு நழுவி எதிரணிக்காரன் நெஞ்சில் போய் விழுந்தது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம். அவர்களுக்கு ஆறு புள்ளி.

எங்கள் பக்கம் எல்லோரும் தலையில் கை வைத்துவிட்டார்கள். நான் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

“உக்காருடி, தோத்துட்டோம்” என்று லாட்ரீஸ் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

எல்லோரும் வேனுக்குப் போனார்கள். கோச் என்னைக் கடக்கும்போது உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். கோரி கடைசியாக வந்தான்.

“பாத்தியாம்மா?”

“பாத்தேன்.”

“பறிச்சிருப்பேன். விரல்ல பட்டுச்சும்மா. வேணும்னுதான் வழி விட்டேன். இல்லன்னா எறியவே மாட்டானுங்க. நீ இவ்ளோ தூரம் வந்து என்னை ஒரு தடவகூடப் பாக்காமப் போயிடுவியேன்னு…”

எனக்கு வந்த கோபத்திலும் அழுகையிலும் எது முந்தியது என்று சொல்லத் தெரியவில்லை. “மடப்பயலே! பந்தப் பாக்கவாடா நான் வந்தேன்? அது எந்தப் பக்கம் போச்சுன்னே எனக்குத் தெரியாது. காலையிலேருந்து உன்னையேதான்டா பாத்துக்கிட்டு இருக்கேன். முட்டியில என்னது அந்தத் தழும்பு? எப்ப விழுந்த? யாரு மருந்து போட்டா?”

அத்தனை பேர் பார்க்க, அந்த நெட்டைப் பயல் குனிந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வியர்வை நாற்றம். நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். வேன் ஹாரன் அடித்தது.

“ஜெயிச்சிருந்தா நாளைக்கும் ஆடியிருப்போம். நீயும் இருந்திருப்பியாம்மா?” என்று கேட்டான்.

கண்ணைப் பார்த்துப் பொய் சொல்வது கஷ்டம். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னேன்: “எங்கடா கண்ணு. காலையில எனக்கு வேலை இருக்கு. எப்படியும் இன்னிக்கே கெளம்பித்தான் ஆகணும்.”

அவன் முகம் தெளிந்தது.

“அப்பப் பரவால்லம்மா” என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினான்.