கில்மோடா நாக்கு

எங்க மூத்தார் டூங்கர் சிங், அதான் என் புருஷனோட அண்ணன், ஊர்க் காட்டுக் குழுவுக்குத் தலைவர். கீழே ஹல்துவானி டவுன்லேர்ந்து வந்த மருந்து வியாபாரி அவரை நல்லா சரிக்கட்டிட்டான். மேற்குச் சரிவுல இருக்கிற கில்மோடாச் செடி வெறும் முள்ளு, ஊர்ல யாரும் தொடறதில்லைன்னு எழுதிக் கையெழுத்தே போட்டுட்டார். வியாபாரிக்கு வேண்டியது வேர். வேரைத் தோண்டினா செடி எங்கே மிஞ்சும்?

தொடறதில்லையாம்! உச்சி வெயில்ல புல்லுக்கட்டோட இறங்குற நாங்க அந்தச் செடியோட பழத்தைத் தின்னுதானே வீடு வந்து சேர்றோம்?

காட்டிலாகா ரேஞ்சர் ஊர்க் கூட்டத்துக்கு வந்து 'சரி'ன்னா மறுநாளே கடப்பாரை இறங்கிடும். எங்க வழக்கத்துல மூத்தார் முன்னால முக்காட்டை விலக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. ஊர்ப் பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு அவர் மூத்தார், மீதிப் பேருக்கு மாமனார் முறை. எல்லாருக்கும் ஒரே பூட்டு.

"பேசாம எப்படிடி சருலி தடுக்கிறது?"ன்னு என்கூடப் புல்லறுக்க வர்ற பிஷ்னி அழுதா.

"பேச வேணாம்டி. வா, தின்னலாம்."

கூட்டத்தன்னிக்கு விடிஞ்சதும் பச்சை மிளகாய் வச்சு அரைச்ச உப்பை முடிஞ்சுக்கிட்டு இருபது பேர் சரிவுக்குப் போனோம். வயிறு முட்டத் தின்னுட்டு, கூட்டத்துல போய் வரிசையா உட்கார்ந்தோம்.

மூத்தார் அந்தச் சரிவு வழியாத்தான் ரேஞ்சரைக் கூட்டிட்டு வந்தார்.

"இது நிஜமாவே யாருக்கும் வேண்டாமா?"ன்னு ரேஞ்சர் கேட்டார்.

"ஆடுகூட சீண்டாது சாகிப். வேணும்னா பொம்பளைங்களையே கேளுங்க."

நாங்க பேச மாட்டோம்ங்கிற தைரியம்! எனக்கு வந்துச்சே ஒரு கோபம். முக்காட்டைப் பின்னால தள்ளினேன். பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா அவர் மூஞ்சியை நேருக்கு நேரா பார்த்தேன். ஒரு வார்த்தை பேசலை. நாக்கை நீட்டினேன், அடி வரைக்கும் பழச்சாறு ஏறிக் கருநீலம்.

பிஷ்னி நீட்டினா. அப்புறம் எல்லாருமே நீட்டினாங்க.

"வெட்கங்கெட்ட கழுதைங்களா! யார் முன்னால நாக்கை நீட்டறீங்க?"ன்னு மூத்தார் தொண்டை கிழியக் கத்தினார்.

ரேஞ்சர் எங்களை விட்டுட்டு அவர் வாயையே பார்த்தார். பல்லு, நாக்கு, ஈறு எல்லாம் கருநீலம். வர்ற வழியில, சின்ன வயசுப் பழக்கம், கை தன்னால செடிக்குப் போய்ப் பழத்தை வாயில போட்டிருக்கு. மனுஷனுக்கே தெரியலை.

ரேஞ்சர், மூத்தார் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நாலா மடிச்சு அவர் கையிலேயே திணிச்சுட்டு நடையைக் கட்டினார்.

அன்னையிலேர்ந்து மூத்தார் முன்னால நான் முக்காடு போடறதில்லை. அவர்தான் என்னைக் கண்டா வாயைத் திறக்கறதில்லை.