காதுவலி என்கிற ரசிகர்

"அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார் சபை மூப்பர் முவாலே. பேனாவைத் திறந்தவர் எழுதாமல் தியாமிகேயின் முகத்தையே பார்த்தார்.

"காதுவலி, ஐயா."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல ஐயா. பேரே அதுதான். யாங்கோ பாட்டு போடறப்பல்லாம் வந்து கேக்கறவரு. போனுல அப்படிப் பேரு வெச்சிருக்காரு."

மூப்பர், பக்கத்து நாற்காலியில் இருந்த லுசுங்குவிடம் திரும்பினார். இறந்துபோன யாங்கோவின் அண்ணன் அவன்தான். பெரியவர்கள் யாராவது சொன்னால்தான் பட்டியலில் எதுவும் ஏறும். மண்ணை மூடியபின் யார் யார் எந்த வரிசையில் மலர்வளையம் வைப்பது என்பதில் ஒரு பெயர் விட்டுப்போனால், ஸோம்பாவில் அதை நாலு வருஷத்துக்குப் பேசுவார்கள்.

"என்னப்பா சொல்ற? இப்படியொரு பேரைக் கல்லறையில நின்னு கூப்பிட முடியுமா?"

"வேண்டாம் ஐயா," என்றான் லுசுங்கு. அவசரமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவனுக்கே தோன்றியது.

"ஏன் அண்ணே வேண்டாம்?" தியாமிகேயின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. குரலில் மட்டும் அழுகை இல்லை. முக்குத் தெருவில் குடைக்குக் கீழே உட்கார்ந்து ரீசார்ஜ் விற்கிறவள். யாங்கோவின் பாட்டு ஒவ்வொன்றையும் தன் போனில் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். "பாட்டு கேக்கறவங்க சார்பா நாங்க ஒரு வளையம் வாங்கியிருக்கோம். வைக்க ஒரு ஆள் வேணும். யாங்கோவுக்கு அவரைவிடப் பெரிய ஆள் யாரும் கிடையாது. முதல் பாட்டுலேருந்து கூட வந்தவரு. காலையிலயே அவருக்கு எழுதிப் போட்டுட்டேன், எத்தனை மணி, எந்த இடம், எல்லாம்."

அவள் எழுதிப் போட்டது லுசுங்குவுக்குத் தெரியும். காலையில் சவப்பெட்டியைக் கூடத்தில் இறக்கிவைத்த நேரத்தில் அவன் கால்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தான்.

மூப்பர் பெருமூச்சு விட்டுக் கடைசி வரியில் எழுதிக்கொண்டார்.

*

ஆரம்பத்தில் நல்லெண்ணம்தான். அப்படித்தான் லுசுங்கு தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன், பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆசிரியர் பயிற்சிக்குப் போடா என்று தம்பியைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. தம்பியோ எதிரொலி வராமலிருக்க மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்து, சேவல் கூவாத நேரமும் கரண்ட் இருக்கிற நேரமும் ஒன்றாக வருவதற்குக் காத்திருந்து, கிதாரோடு உட்கார்ந்துவிடுவான். முதலில் மற்றவர்கள் பாட்டைப் பாடினான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகள், கோயில் பாட்டுகள். பிறகு சொந்தமாகக் கட்ட ஆரம்பித்தான்.

நாலு பேர் திட்டினால் விட்டுவிடுவான் என்று நினைத்தான் லுசுங்கு. திட்ட யாரும் வரவில்லை. கேட்கவே யாரும் வரவில்லை. அதனால் அவனே ஒரு பெயர் வைத்துக்கொண்டு திட்டினான்.

'மூணாவது தந்தி அழுகுது. அதை முதல்ல அடக்கம் பண்ணு.'

அடுத்த நிமிஷமே பதில் வந்தது. 'நன்றி பாஸ். கவனிக்கவே இல்ல. சரி பண்ணிட்டு மறுபடி போடறேன்.'

அன்று சாயங்காலம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி அந்த ஒரே தந்தியை முறுக்குவதையும் மீட்டுவதையும் கேட்டபடி லுசுங்கு விடைத்தாள் திருத்தினான். கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. பிறகு அதில் ருசி கண்டுவிட்டான். பள்ளியில் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிற நாளில் 'பாடறியா, மாடிப்படி ஏறறியா? மூச்சுதான் கேக்குது' என்று போட்டான். சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் மூன்று தடவை போட்டான். யாங்கோ ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னான். மூச்சை அடக்கக் கற்றுக்கொண்டான். சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "அம்மா, எனக்கு ஒருத்தர் இருக்காரு, பிளான்டயர்ல பெரிய சங்கீத வாத்தியாரா இருக்கணும், என்னா காதும்மா அது!" என்பான். அம்மா அவனுக்கு இன்னொரு கட்டி சோளமாவுச் சீமா வைப்பாள். லுசுங்கு அவரைக்காயைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான்.

தம்பியின் கடைசிப் பாட்டு ஐந்து நாளைக்கு முன் வந்தது. சொந்தப் பாட்டு. அதன் கீழே லுசுங்கு எழுதியது: 'இது உன் சொந்தப் பாட்டா? அப்ப அடுத்தவன் பாட்டே மேல்.'

அதற்கு மட்டும் பதில் வரவில்லை. அன்று ராத்திரியே தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிய மலேரியா என்றார்கள். நாலாம் நாள் முடிந்துபோனது.

காலையில் கழிப்பறைக்குள் எல்லாவற்றையும் அழித்துவிடத்தான் நினைத்தான். ஒரு விரல் வேலை. ஆனால் அவன் எழுதியதை அழித்தால் அதற்குக் கீழே தம்பி எழுதியதும் சேர்ந்து போய்விடும். அத்தனை நன்றியும் போய்விடும். வெளியே யாரோ கதவைத் தட்டும்வரை கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான்.

*

கல்லறைக்குப் போகிற பாதையில் பெண்கள் பாடிக்கொண்டே முன்னால் போனார்கள். தியாமிகே வேகத்தைக் குறைத்து அவன் பக்கத்தில் வந்தாள். கையில் வெள்ளைப் பூவளையம்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அவரு வருவாருன்னு நினைக்கறீங்களா?"

"தெரியல."

"வரணும் அண்ணே. எனக்கு அந்த மூஞ்சியைப் பாக்கணும்." வளையத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில யாங்கோ கேட்டுக்கிட்டே இருந்தான். புதுப் பாட்டுக்குக் காதுவலி என்ன சொன்னாரு, என்ன சொன்னாருன்னு. காய்ச்சல்ல போனைப் பாக்க முடியல அவனால. நான் பாத்துட்டேன். அதை எப்படி அண்ணே படிச்சுக் காட்டுவேன்?"

"என்ன சொன்னே?"

"'நல்லா இருக்கு, இதான் உன் பாட்டு'ன்னு எழுதியிருக்காருன்னு சொன்னேன். 'நிஜமாவா, நிஜமாவா'ன்னு கேட்டான். ஆமான்னேன். அப்புறம்தான் தூங்கினான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தாளு வரட்டும். வந்து அவன் தலைமாட்டுல வளையத்தை வெச்சுட்டு, நான் சொன்னது பொய்யில்லன்னு ஆக்கிட்டுப் போகட்டும்."

லுசுங்குவால் அவளைத் தாண்டி முன்னால் போகவும் முடியவில்லை, பின்தங்கவும் முடியவில்லை. அவள் பக்கத்திலேயே நடந்தான்.

*

குழி வெட்டியவர்கள் மண்ணை மேடாக்கி, மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன்செய்துவிட்டு ஒதுங்கினார்கள். லுசுங்கு வாழ்க்கைக் குறிப்பை வாசித்தான். பிறந்த தேதி, படித்த பள்ளி, நோய் வந்த விதம். 'பாட்டில் ஆர்வம் உண்டு' என்று ஒரு வரி. மூப்பர் பட்டியலைப் பிரித்தார்.

"தாயார் வளையம்." அம்மாவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, மறுபடி கொண்டுபோய்த் தரையில் உட்காரவைத்தார்கள். அவள் தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"உடன்பிறந்தோர் வளையம்." லுசுங்கு வைத்தான். கைகுவித்தான். ஆண்கள் பக்கம் போய் நின்றுகொண்டான்.

உறவினர், சபை, ஊர்த்தலைவர், அவன் வேலைபார்க்கும் பள்ளிக்கூடம்கூட வந்துபோனது. கடைசி வரிக்கு வந்ததும் மூப்பர் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"பாட்டு கேட்டவங்க சார்பா… காதுவலி."

எங்கேயோ ஒருவன் சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினான். தியாமிகே வளையத்தோடு மேட்டருகே வந்து நின்று கூட்டத்தைத் துழாவினாள்.

"காதுவலிங்கறவரு வந்திருக்காரா?"

ஒருவரும் அசையவில்லை. அம்மாகூடத் துணிக்குள்ளிருந்து தலையைத் திருப்பினாள்.

"கடைசியாக் கூப்பிடறேன். இல்லேன்னா அந்தப் பொண்ணே வெச்சுடட்டும். காதுவலி."

பேசாமல் நின்றால் போதும். அவ்வளவு சுலபம். இந்தப் பெயரை இனி யாரும் எங்கேயும் கூப்பிடப்போவதில்லை.

லுசுங்கு நடந்தான்.

"தம்பி," மூப்பர் குரலைத் தாழ்த்தினார். "உடன்பிறந்தோர் வளையம் வெச்சாச்சுப்பா."

"தெரியும் ஐயா."

"அப்ப இது…"

அவன் தியாமிகேயின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் முதலில் அவன் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

"வந்துட்டாரா அந்த ஐயா?" தரையிலிருந்து அம்மா கேட்டாள். "யாருடி அது? எனக்குத் தெரியல."

பக்கத்துப் பெண் மேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "உங்க பெரியவன்தான் நிக்கிறான்," என்றாள்.

அவன் வளையத்தைப் பிடித்தான். தியாமிகே தன் பக்கத்தை விடவில்லை.