செவ்வாய்க்கிழமை நனைந்த வலை

"அப்ப உன் வலை தானா எந்திரிச்சுப் போய்க் குளிச்சுட்டு வந்துச்சா, லாந்தே?"

கடற்கரைத் தலைவர் போர்கெட்டே இப்படிக் கேட்டதும் கரையே சிரித்தது. லாந்தேவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வள்ளத்திலிருந்து கழற்றிய மோட்டார் தலைவரின் காலடியில் கிடந்தது. மத்தி கூட்டம் கூட்டமாய் வரும் ஆகஸ்ட் மாதம். மோட்டார் போனால் சீசனே போச்சு.

அக்ரா கரையில் செவ்வாய்க்கிழமை கடல் ஓய்வெடுக்கும் நாள். வலை போட்டவன் மோட்டாரை இழப்பான். நேற்று செவ்வாய். இன்று காலையில் பார்த்தால் லாந்தேவின் பழைய வலையில் ஈரம் காயவில்லை. கண்ணிகளில் கிழிந்த தண்ணிப் பாக்கெட்டுகள் வேறு.

"சத்தியமா நான் போகல, நூமோ," என்று, பெரியவர்களை அழைக்கும் சொல்லால் தலைவரிடம் குழைந்தான். "யாரோ என் வலையை எடுத்திருக்கான்."

'யாரோ' என்றபோது அவன் கண் பக்கத்து வள்ளக்காரன் ஆயிட்டே மேல்தான் இருந்தது. வள்ளம் ஏற்றும் இடத்துக்காக இருவருக்கும் பழைய முறைப்பு. அதோடு, இன்று ஆயிட்டே கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறான்.

"என்னை ஏன்டா பாக்குற? நான் திருடப் போனா மீனைத் திருடுவேன். குப்பையவா திருடுவேன்?"

மறுபடி சிரிப்பு. நியாயமான பேச்சுதான், ஆனால் அந்த நியாயமே லாந்தேவுக்குச் சந்தேகமாக இருந்தது. யார் சொல்லிக் கொடுத்த பதில் இது?

அப்போதுதான் தன் மகள் ஆமெர்லேயைப் பார்த்தான். பள்ளிக்குப் போகிற வழியில் நின்றவள், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள். இழுத்துப் பார்த்தான். விரல்களில் வலை அறுத்த கோடுகள்.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லப்பா… டீச்சர் அத்தை சொல்லக்கூடாதுன்னாங்க."

டீச்சர் அத்தை என்றால், அவள் பள்ளியில் பாடம் நடத்தும் அவன் தங்கச்சி டெடேதான். ஆள் அனுப்பத் தேவையே இருக்கவில்லை. சத்தம் கேட்டு அவளே வகுப்புப் பிள்ளைகளோடு மணலில் ஓடி வந்தாள்.

"அண்ணனை விடுங்க நூமோ. வலையை எடுத்தது நான்தான். உப்பங்கழி கடல்ல கலக்குற வாய்ல பிள்ளைங்களோட இழுத்தோம். செவ்வாய்க்கிழமைதான கரை காலியா இருக்கு? ஆனா நாங்க மீன் பிடிக்கல. குப்பை பிடிச்சோம்."

போர்கெட்டே கண்ணைச் சுருக்கினார். "யார் உன்னை அனுப்புனது? ஹோட்டல் கட்டுறேன்னு அளந்துட்டுப் போனானுங்களே, அவனுங்களா? இன்னைக்குக் கரை அழுக்குன்னுவீங்க, நாளைக்கு நாங்களே அழுக்குன்னுவீங்க."

"யாரும் அனுப்பல. பாடத்துல 'பிளாஸ்டிக் மக்காது'ன்னு ஒரு வரி இருக்கு. அதைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறாங்க. கையில பிடிச்சுப் பாக்கட்டுமேன்னுதான். ஆமெர்லே, நீ சொல்லு."

ஆமெர்லே வலைக் கண்ணியிலிருந்து ஒரு பாக்கெட்டை உருவிக் காட்டினாள். "தண்ணிப் பாக்கெட்டை முனையில கடிச்சுக் குடிச்சுட்டு வீசுறோம். மழை அதைச் சாக்கடைக்கு இழுக்குது, சாக்கடை உப்பங்கழிக்குத் தள்ளுது, அப்புறம் கடல். வெயில்ல அது பொடிப்பொடியா உடையும், ஆனா அழியாது. மீன் அதைத் தீனின்னு தின்னுது. அந்த மீனை நாம கென்கே சோள உருண்டையோட திங்கிறோம்."

"மீனுக்கு அவ்வளவு கூடவா புத்தியில்ல?"

"நூமோ, சின்ன மீன் வயித்துல நாங்களே பாத்தோம்! நீலக் கலர்ல—"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆக, மீன் மாட்டியிருக்கு," என்றார் போர்கெட்டே மெதுவாக.

லாந்தேவுக்குத் தங்கச்சியை அங்கேயே அறையலாம் போலிருந்தது.

"செத்து மிதந்த மீன் நூமோ," என்றாள் டெடே. "கடல் ஓய்வெடுக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா குப்பை மேல படுத்தா யாருக்குத் தூக்கம் வரும்?"

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் அலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைசியில் லாந்தே பக்கம் திரும்பினார். "உன் தங்கச்சி இனி செவ்வாய்க்கிழமை வலையைத் தொட மாட்டான்னு சத்தியம் பண்ணு. மோட்டாரை எடுத்துக்க."

டெடே வாயைத் திறந்தாள். லாந்தே அவள் காலை மிதித்தான்.

"வலையைத் தொட மாட்டா. சத்தியம்."

"வலையை மட்டுமா?"

"நீங்க வலைன்னுதான சொன்னீங்க, நூமோ?"

போர்கெட்டே அவனை உற்றுப் பார்த்தார். பிறகு மோட்டாரைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

அடுத்த செவ்வாய் பிள்ளைகள் வெறுங்கையோடு இறங்கினார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று, மிதந்து வந்த பாக்கெட்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள். லாந்தே அன்று வள்ளத்தைவிட்டு நகரவில்லை, மோட்டார் மேலேயே ஒரு கை. போர்கெட்டே ஒரு கவிழ்த்த வள்ளத்தின் மேல் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை, தடுக்கவில்லை. கூடை கூடையாகக் குப்பை கரையேறுவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மீனாவது கூடைக்குள் துள்ளட்டும் என்று காத்திருக்கிறாரா? அப்படித்தான் லாந்தே சந்தேகப்படுகிறான். டெடேவோ, அவர் மனசு இளகிவிட்டது என்கிறாள். ஓய்வு நாளில் கடலிலிருந்து குப்பையை எடுத்தால் அதன் தூக்கம் கெடுமா, இல்லை அப்போதுதான் அது நிம்மதியாகத் தூங்குமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?